கை ஊன்றாமல்

சமையலறையில் சிந்திக் கிடந்த தண்ணீரில் மனைவி வழுக்கி விழுந்த சத்தம் கேட்டதும், அவர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினார். எலும்பு முறியவில்லை, இடுப்பில்தான் அடி. தூக்கிவிடலாம் என்று பக்கத்தில் குந்தினார். அதோடு சரி. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கையை ஊன்றிப் பார்த்தார், அலமாரியைப் பிடித்துப் பார்த்தார், ம்ஹூம். முப்பத்தாறு வருஷம் லேத் மெஷின் முன்னால் நாள் முழுக்க நின்ற மனுஷர், சொந்த வீட்டுத் தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"தூக்க வந்தவரைத் தூக்க இப்ப யாரைக் கூப்பிடறது?" என்றாள் மனைவி. வலியோடு வலியாக இருவருக்கும் சிரிப்பு வந்தது. யாரும் வராமல் போக, கால் மணி நேரத்தில் அந்தச் சிரிப்பும் நின்றுபோயிற்று. துணி காயப்போட வந்த மாடி வீட்டுப் பெண்தான் இவர்கள் கூப்பிட்ட குரல் கேட்டு உள்ளே வந்து, முதலில் அவளைத் தூக்கினாள். அப்புறம் அக்குளில் கைகொடுத்து அவரை. தன்னையும் ஒருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது பல நாள் அவரை உறுத்தியது.

மகள் போனிலேயே முடிவு சொல்லிவிட்டாள். "வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்கப்பா. போன் அடிச்சாலே எனக்கு பயமா இருக்கு."

"ஆறு மாசம் குடும்மா. அப்புறம் நானே சொல்றேன்."

ஆறு மாசத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. மனைவியின் இடுப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பிசியோதெரபி பெண் அவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "நாற்காலியில உக்காந்து, கை ஊணாம எந்திரிங்க ஐயா. தினம் பத்து தடவை. அப்புறம் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்க."

"இவ்வளவுதானா?" என்றார் கொஞ்சம் இளக்காரமாக.

மறுநாள் நாலாவது தடவையே தொடை வெடவெடத்தது. இரும்பை மயிரிழை பிசகாமல் கடையத் தெரிந்தவருக்குத் தன் உடம்பைத் தூக்கத் தெரியவில்லை. எண்ணிக்கொண்டிருந்த மனைவி, ஆறுக்கு அப்புறம் எட்டு என்றாள்.

"ஏழு எங்க போச்சு?"

"பாவமா இருந்துச்சுங்க."

"என்கிட்ட பாவம் பாக்காதே. ஒழுங்கா எண்ணு."

மூன்றாவது வாரம் சளி என்று நான்கு நாள் விட்டார். ஐந்தாம் நாள் எண்ணிக்கை மறுபடி ஆறிலேயே நின்றது. "எல்லாம் தண்டம்" என்று நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். மனைவி அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தானே மெதுவாக எழுந்தாள்.

"ஒண்ணு," என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

ஆறு மாசக் கெடு முடிந்த வாரம், பத்துத் தடவையும் கை ஊன்றாமல் எழ முடிந்த தெம்பில், எங்கள் வீட்டிலேயே இருந்துகொள்கிறோம் என்ற பதிலை நேரில் சொல்ல இருவரும் மகள் வீட்டுக்கு ரயிலில் புறப்பட்டார்கள். இறங்கிய ஸ்டேஷனில் மேம்பாலம் ஏறிக் கடக்க வேண்டும். லிஃப்ட் வாசலில் நீண்ட வரிசை. "படியிலயே போயிடலாமா?" என்று அவள்தான் கேட்டாள்.

இருபதாவது படியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. இறங்கி வந்த கூட்டம் இருவரையும் சுற்றி வழிந்து போயிற்று. அவர் சட்டைப்பையில் போன் அடித்தது, மகளாகத்தான் இருக்கும். அடிக்கட்டும் என்று, இரண்டு படி மேலே நின்றபடி கையை நீட்டினார். கீழே ரயில் கிளம்ப, பாலம் லேசாக அதிர்ந்தது. அவள் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, அடுத்த படியில் கால் வைத்தாள்.