காது நல்ல ஆட்கள் இருபத்து நாலு பேர்

என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் ஜாஸ்லினுக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. முதல் வருடம் பொறுமையாக விளக்கினாள்: மனுஷக் குரலைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் திரும்ப விரித்துப் பேச வைக்கிற ஆராய்ச்சி. இரண்டாம் வருடம் அதையே பாதியாகச் சொன்னாள். இப்போது “கம்ப்யூட்டர்” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறாள். குரலைச் சுருக்கக் கற்றாளோ இல்லையோ, பதிலைச் சுருக்கக் கற்றுக்கொண்டாள்.

படிப்புக்குப் பணம் கொடுப்பது பெங்களூரில் ஒரு கம்பெனி. தூரக் கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் வைக்க, செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவி செய்கிறார்கள். அதற்குள் போகப்போவது இவள் எழுதிய நிரல். கம்பெனிக்காரன் சும்மா கொடுப்பானா? மாதம் ஒரு அறிக்கை, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், அவர்கள் மனசு மாறினால் இவள் தலைப்பும் மாற வேண்டும். இரண்டு முறை மாறிவிட்டது. ஜூன் முப்பதோடு ஒப்பந்தம் முடிகிறது, இனி நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பாக்கி ஒரே வேலைதான். மீனவர்கள் இருபத்து நாலு பேர் சுருக்கிய குரலைக் கேட்டு ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஆனால் போடுகிறவருக்குக் காது பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அதை முதலில் சோதித்துப் பார்த்துத்தான் ஆளைச் சேர்க்க வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவள் ஊரான தங்கச்சிமடத்து ஆண்களெல்லாம் கரையில் இருந்தார்கள். மாதா கோயிலை ஒட்டி, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் அறையைப் பங்குச் சாமியார் கொடுத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இவள் மடிக்கணினியில் ஒரு தட்டுத் தட்டுவாள், மெல்லிய விசில் ஒன்று வரும், கேட்டால் கையைத் தூக்க வேண்டும். முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள். கீழ்ச் சத்தமெல்லாம் கேட்டது, கீச்சென்ற மேல் சத்தத்துக்கு ஒருவர் கையும் எழவில்லை. வருஷக்கணக்காக இன்ஜின் பக்கத்தில் நின்ற காது வேறெப்படி இருக்கும்? அன்று வீட்டுக்கு வந்து, ஊரில் காது நல்ல ஆளே இல்லை, என் படிப்பு இத்தோடு சரி என்று அம்மா யாகப்பம்மாளிடம் அழுதுவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து வந்தவர்களெல்லாம் தேறினார்கள். ஒருவர் விடாமல் இருபத்து மூன்று பேர். இவ்வளவு படித்த பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. நல்லது நடக்கும்போது அதை நிறுத்திக் கேள்வி கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

இருபத்து நாலாவது ஆளாக அவள் அப்பா வேதமுத்துவே வந்தார். முப்பது வருடமாக விசைப்படகில் டிரைவர். முகச்சவரம் செய்து, ஈஸ்டருக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அவள் தட்டினாள், அவர் கையைத் தூக்கினார். ஆறு முறை தட்டினாள், ஆறு முறையும் தூக்கினார். ஏழாவதற்கு முன்னால் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். ஹெட்போன் ஒயர் நாற்காலிக் காலில் சிக்கி, மடிக்கணினியோடு சேர்த்திருந்த சிறிய ஒலிப்பெட்டியிலிருந்து கழன்று தரையில் கிடந்தது.

“அய்யா, சத்தம் எப்படிக் கேட்டுச்சு?”

“நல்லா தெளிவாக் கேட்டுச்சு தாயி.”

“ஒயரு கழண்டு கெடக்கு.”

வேதமுத்து ஒயரைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“ஒன் விரலத்தான் பாத்தோம்” என்றார். “நீ தட்டும்போது தூக்குனா சரியாப் போச்சு. மொத நாளு தேறாமப் போன வில்பிரட்டுதான் கண்டுபிடிச்சான். நாந்தான் மத்தவங்களுக்குச் சொன்னேன்.”

“எல்லாருக்குமா?”

“இருபத்து மூணு பேருக்கும். காது போனவனச் சேக்க மாட்டேன்னு சொல்லிட்ட. அன்னைக்குச் சாப்பிடாமப் படுத்துட்ட. நான் வேற என்ன செய்ய?”

“மார்க்கும் நீங்க சொல்லித்தான் போட்டாங்களா?”

“அதுக்கு எதுக்குச் சொல்லணும்? நம்ம பிள்ள செஞ்சதுன்னு அவிங்களே அஞ்சுக்கு அஞ்சு போட்டாய்ங்க.”

ஜாஸ்லினுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சோதிக்கப்படுகிறவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது முதல் பாடம். பிளக் பாயின்ட் ஒரு மூலையில் மட்டும் இருந்ததால், எதிரெதிரே உட்கார ஏற்பாடு செய்தது அவளேதான்.

வெளியே வந்து பிரபாகரனுக்குப் போன் செய்தாள். கம்பெனியில் அவளை மேற்பார்க்கிறவர், கடலாடி ஊர்க்காரர், கெட்ட மனுஷன் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“வேற யார்ட்டயும் சொன்னியா?”

“இல்ல சார்.”

“சொல்லாத. மார்க்கு நல்லா வந்திருக்குன்னு மேல அனுப்பிட்டேன். சான்றுப் படிவத்துல கையெழுத்தப் போட்டு விடு. ரெண்டு மாசத்துல நீ டாக்டரு. மனசு கேக்கலன்னா காலேஜ் பிள்ளைகள உக்கார வச்சு முடி.”

“அவங்க கடலுக்குப் போறவங்க இல்லயே சார்.”

“தெரியும்மா. எனக்கும் அலுத்துப் போச்சு.”

உள்ளே வந்து படிவத்தைத் திறந்தாள். கீழ்க்கண்ட இருபத்து நாலு பேருக்கும் கேட்கும் திறன் இயல்பாக இருப்பதாகச் சான்றளிக்கிறேன் என்று அச்சாகியிருந்தது. உள்ளதைச் சொன்னால், கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். அவ்வளவு அசதி. தப்புச் செய்த பிள்ளையைப் போல அப்பா இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இவர் ஒருத்தருக்காவது ஒழுங்காகப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ஒயரைச் செருகி, அவர் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினாள்.

“இந்தத் தடவ கேட்டா மட்டும் தூக்குங்க.”

ஹெட்போனை மாட்டிவிட்டு மேல் சத்தத்திலிருந்து ஆரம்பித்தாள். தட்டினாள். கொஞ்சம் கூட்டித் தட்டினாள். இன்னும் கூட்டினாள். கை எழவில்லை. அடுத்த காதுக்கு மாற்றினாள். கடைசி அளவுக்குப் போனபோது ஹெட்போனிலிருந்து கசிந்த கீச்சுச் சத்தம் மேசைக்கு இந்தப்பக்கம் அவளுக்கே கேட்டது. வேதமுத்து அசையாமல் இருந்தார். வலது கை மட்டும் முழங்கால் மேல், எந்த நிமிடமும் எழுவதற்குத் தயாராக இருந்தது. இந்தக் காதில்தான் ஒரு நாள் அவள் கருவி, புயல் வருது திரும்பு என்று சொல்ல வேண்டும்.

சோதனை முடிந்துவிட்டதாகத் திரையில் எழுத்து வந்தது. சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

“தாயி, இன்னும் ஆரம்பிக்கலயா?”

ஜூன் முப்பது போனால் போகட்டும் என்று படிவத்தைக் கையெழுத்துப் போடாமலே மூடினாள்.

“இல்லய்யா” என்றாள். அது அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து போய், ஹெட்போனைக் கழற்றி, காதோரம் குனிந்து சத்தமாகச் சொன்னாள்.

“இனிமேத்தான்யா.”