ஏறுவதற்கு முன் ஒரு குரல்

…நானூறு அடிக்கு மேலே ஏற்றக் கூடாது, சரி, அவளுக்கு நூற்று முப்பது அடியே தாராளம், கண் பார்வையை விட்டு அகலக் கூடாது, அதுவும் சரி, இதோ மாரியம்மன் கோயில் அரச மரத்துக்கு மேலே புள்ளியாகத் தெரிகிறது, ஜனங்களின் தலைக்கு நேர் மேலே நிறுத்தக் கூடாது, அவள் என்றைக்கு நிறுத்தியிருக்கிறாள், எப்போதும் பக்கவாட்டில்தான், அடிவாரத்தில் காடு தொடங்கும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது, தாண்டுவானேன், ட்ரோனைக் கொஞ்சம் திருப்பினால் கல்வராயன் மலை தானாக வந்து படத்துக்குள் உட்கார்ந்துகொள்கிறது… கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. விதிகள் என்றால் மற்ற ட்ரோன்காரர்களுக்கு வேப்பங்காயாகக் கசக்கும். அவளுக்கோ சாப்பிட்டு முடித்த மாதிரி ஒரு நிறைவு. சென்னைப் பக்கம் பயிற்சிக்குப் போன இடத்தில் இருபத்தெட்டு ஆம்பளைகளுக்கு நடுவில் ஒருத்தியாக உட்கார்ந்து, பரீட்சையில் எல்லாரையும் விட ஜாஸ்தி மதிப்பெண் வாங்கி, ஓட்டுநர் சான்றிதழோடு பஸ் ஏறினவள் அவள். சான்றிதழ் இப்போதும் பைக்குள் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டு, கேட்டால் நீட்ட வேண்டியதுதான், ஆனால் கேட்பதற்குத்தான் ஒருத்தருக்கும் தைரியம் வருவதில்லை. பேட்டரி தொண்ணூற்றொன்று. காற்று மலைப் பக்கமிருந்து, மெல்லிசாக. இன்றைக்குப் படம் பிரமாதமாக வரப்போகிறது.

இது ஒத்திகைதான். நிஜம் ஒன்பதே முக்காலுக்கு. தனசேகரன் மகனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் நூற்றொரு தட்டுச் சீரோடு கோயிலிலிருந்து கிளம்பி, மேளதாளத்தோடு காலனித் தெரு வழியாக மெயின் ரோட்டுக்கு வந்து பந்தலுக்குள் நுழைய வேண்டும், பத்து மணிக்குள் காது குத்தியாக வேண்டும், அதை ட்ரோன் பின்தொடர வேண்டும், அது மட்டுமா, பந்தலில் சுவர் மாதிரி நிற்கிறதே எல்.இ.டி. திரை, அதில் நேரடியாக ஓட வேண்டும், நானூறு பேர் இலையில் உட்கார்ந்தபடி சீர் வருவதைப் பார்க்க வேண்டும். தனசேகரன் கரும்பு, மரவள்ளி, நெல் என்று நாற்பது ஏக்கர்காரர், சொல்லும்போதே கையை விரித்துச் சொன்னார், மலையும் வரணும்மா, தட்டும் வரணும், ஊரும் வரணும், ஒரே ஷாட்டு, வெட்டு கூடாது. சரிங்கண்ணா, வந்துடும்ணா. இதற்குத்தானே அவளைக் கூப்பிட்டார். போன வருஷம் சங்கராபுரம் பக்கத்தில் எடுத்த தேர்த் திருவிழாவை இணையத்தில் ஒன்றரை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், கீழே எழுதியிருப்பதையெல்லாம் அவள் ராத்திரியில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிப்பாள், யாருப்பா இந்த கேமராமேன், தெய்வமே… கேமராமேனாம். இருக்கட்டும், இருக்கட்டும்.

காலையில் பாரஸ்டர் வீரமுத்து கூட பைக்கை நிறுத்திவிட்டு வந்தார், இன்னாம்மா, காட்டுப் பக்கம் போவுமா இது என்றார். போகாதுங்க சார், அந்தக் கல்லுக்கு இருநூறு மீட்டர் இந்தப் பக்கமே திருப்பிடுவேன், இதோ மேப்பு பாருங்க, பச்சைன்னா பறக்கலாம், இது ட்ரோனோட நம்பரு, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாச்சு, பந்தல்காரர், கோயில் பூசாரி, பஞ்சாயத்து, எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. அவர் மேப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நல்லாத்தாம்மா படிச்சிருக்க என்று சொல்லிவிட்டுப் போனார். காலனித் தெருவில் யாரிடமாவது சொல்லணுமாண்ணா என்று தனசேகரனிடம் கேட்டதற்கு அவர் கையை ஆட்டினார், அட அவுங்களாண்ட இன்னாத்துக்கும்மா, நம்ம ஆளுங்கதான், சாப்பாட்டுக்கு எல்லாரும் இங்கதான் வருவாங்க. சரிதானே. மேப்பில் காலனியும் பச்சைதான். அப்பாவுக்கு இதெல்லாம் காட்டினால் புரியாது, அப்பா சடையன் இந்நேரம் தியாகதுருகத்துக் கோட்டை மலைக்குக் கீழே யாரோ ஒருத்தர் தோப்பில் தென்னை ஏறிக்கொண்டிருப்பார், நாற்பது அடி, நூற்று முப்பது அடியில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை… ஏறுவதற்கு முன்னால் தொண்டை கிழியக் கத்துவார் வேறு, ஊஊய் என்று, தெருக்கோடி வரைக்கும் கேட்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவளைப் பார்த்தால் அதே மாதிரி ஊஊய் என்பார்கள். மானம் போகும். அந்தச் சத்தம் எட்டாத உயரத்துக்குத்தான் அவள் வந்திருக்கிறாள், ரிமோட்டோடு, குளிர்கண்ணாடியோடு.

பேட்டரி எழுபத்து மூன்று. கோயிலிலிருந்து மெதுவாக முன்னே… கேமரா லேசாகக் கீழே சாய்ந்து… ரிமோட்டின் திரையில் ரோட்டில் காயப் போட்ட மக்காச்சோளம், மஞ்சள் ஜமக்காளம் மாதிரி, அதன் மேல் ஆடு, ஆட்டை விரட்டும் ஒரு கை, ஓட்டு வீடு, சிமென்ட் ஷீட்டு, இப்போது இடப்பக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும், மலை உள்ளே வர வேண்டும், திருப்பும்போது கட்டைவிரல் நடுங்கினால் படம் குலுங்கும், குலுங்கினால் திரும்ப எடுக்க வேண்டும், ஆகவே விரலைப் பூப்போல வைத்து… வீடுகளின் பின்பக்கம் வந்தது. கொல்லை. முருங்கை. நான்கு கம்பு நட்டு மூன்று பக்கம் உரச்சாக்கும் ஒரு பக்கம் பழைய நீலச் சேலையும் கட்டின தட்டி. மேலே ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு பெண். முகமெல்லாம் சோப்பு. வண்டு சத்தம் மாதிரி ஏதோ கேட்டிருக்க வேண்டும், ஒரு கண்ணை மட்டும் திறந்து மேலே பார்த்தாள். கத்தவில்லை. சொம்பைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள், முட்டியைக் கட்டிக்கொண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, எவ்வளவு சின்னதாக ஆக முடியுமோ அவ்வளவு சின்னதாக. அப்போதும் கோகிலவாணியின் விரல் நிற்கவில்லை. குலுங்கக் கூடாது என்ற பழக்கம். இரண்டு நொடி, மூன்று நொடி இருக்கும், பூப்போலத் திருப்பி, மலையை அழகாக உள்ளே கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் ஐயோ என்று தோன்றியது. பின்னால் இழுத்தாள். இறக்கினாள்.

பந்தலுக்குப் போன் போட்டாள். திரை பார்த்துக்கொள்ளும் பிச்சைமுத்து எடுத்தார். அண்ணா, இப்ப லைன் உங்களுக்கு வந்துச்சா, திரையில போட்டீங்களா? இல்லம்மா, ஒயரே இன்னும் சொருவல, ஏன், இன்னா ஆச்சு? ஒண்ணும் இல்லண்ணா. அப்பாடா. ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்தக் கிளிப்பைத் தேடி அழித்தாள், அழித்த இடத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்தாள், இல்லை, போய்விட்டது. அவ்வளவுதானே? அவள் என்ன விதியை மீறினாள்? உயரம் சரி, இடம் பச்சை, தூரம் சரி. அந்தரங்கம் பற்றிப் பயிற்சியில் ஒரு பக்கம் இருந்தது, வாத்தியார் அடுத்தவங்க ஜன்னலை எட்டிப் பார்க்காதீங்க என்று சொல்லிச் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள். இங்கே ஜன்னல் எங்கே இருக்கிறது… ஆனால் இன்னும் பன்னிரண்டு நிமிஷத்தில் அதே வழியாகத் திரும்பப் போக வேண்டும். அப்போது ஒயர் சொருகியிருக்கும். நானூறு பேர். விடியற்காலம் மரவள்ளி பிடுங்கப் போனவர்கள் எல்லாம் இப்போதுதான் திரும்பி, விருந்துக்குப் போக அவசர அவசரமாகத் தலைக்கு ஊற்றிக்கொள்கிற நேரம், ஒரு தட்டியா இரண்டு தட்டியா… தாழப் பறக்கலாமா? கரண்டு கம்பி. ரோட்டை மட்டும் எடுக்கலாமா? மலை வராது, மலை வராவிட்டால் தனசேகரன் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுவார், ஊரெல்லாம் சொல்லவும் சொல்வார், பொம்பளப் புள்ளைய நம்பி வுட்டேன்பா என்று. அந்த ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்காமல் இருக்கத்தானே மூன்று வருஷமாக இந்தப் பாடு. புது பேட்டரியைத் தட்டி மாட்டினாள். நூறு.

காலனி முனையிலிருந்து ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். நைட்டி, மேலே துண்டு, ஈரத் தலை, காதோரம் சோப்பு நுரை இன்னும் இருந்தது. அவள்தான். நாற்பது வயசு இருக்கும். பின்னால் யாரோ செல்லியம்மா, வாடி, சண்டைக்குப் போவாத என்றார்கள், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வந்து நின்றாள், ட்ரோனைப் பார்த்தாள், அதன் நான்கு இறக்கையையும் பார்த்தாள், பிறகுதான் கோகிலவாணியைப் பார்த்தாள்.

“நீதான் அத்த வுட்டியா?”

“ஆமாங்க்கா. தெரியாமத்தாங்க்கா… அழிச்சிட்டேன். யாரும் பாக்கல, சத்தியமா.”

“அழிச்சது கெடக்கட்டும். எங்க தெருவுக்குத் தேங்கா பறிக்க வர்றவன் கூட ஏறங்காட்டியும் ஒரு கொரலு குடுத்துட்டுத்தான் ஏறுவான். நீ பொம்பள, உனுக்குத் தெரியாது?”

சான்றிதழ் பைக்குள் இருந்தது, பிளாஸ்டிக் உறையோடு. எடுத்து நீட்ட என்ன இருக்கிறது… கொரலு. அட கடவுளே. அதற்கா. அவளுக்குத் தெரியாமலா போயிற்று, தெரியும், நன்றாகத் தெரியும், பதின்மூன்று வயசில் இதே மாதிரி நான்கு கம்பு, மூன்று சாக்கு, ஒரு சேலை, தலையில் சீயக்காய், மேலே வானமும் இரண்டு தென்னை மரமும்தான், ஊஊய், மரம் ஏர்றேன் என்று அப்பா குரல் கேட்டதும் பாவாடையை மார்புக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு, இருப்பா இரு என்று கத்துவாள். சொந்த வீட்டு மரம், சொந்த மகள், அப்போதும் கத்திவிட்டுத்தான் ஏறுவார். கத்திவிட்டு உடனே ஏறமாட்டார். காலில் கயிற்றை மாட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பார், சரி என்று பதில் வரும் வரைக்கும், வெயிலில், பேசாமல். அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் வெட்கப்பட்டாள், பையன்கள் கேலி பண்ணியதில் அது எதற்கென்பதையே மறந்துபோனாளே, எத்தனை படிப்பு, எத்தனை மேப்பு, அத்தனையிலும் இந்த ஒரு வரி இல்லை.

“எத்தினி தட்டிங்க்கா இருக்கு?”

“பதினாலு. எல்லாத்துலயும் ஆளு.”

மேளம் கிளம்பிவிட்டது. கோயில் பக்கமிருந்து நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. பதினான்கு வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்ட நேரமில்லை. போன் அடித்தது, தனசேகரன். எடுக்கவில்லை. தெரு நடுவில் போய் நின்றாள், ரிமோட் கழுத்தில் தொங்க, என்ன கத்துவது, ட்ரோன் என்றா, கேமரா என்றா, வாய் தேடியது, கிடைக்கவில்லை, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், வந்தது ஒன்றுதான்.

“ஊஊய்… மரம் ஏர்றேஏஏன்…”

முதலில் ஒரு தட்டிக்குள்ளிருந்து சிரிப்பு, இன்னா மரம்டி, இங்க ஏதுடி மரம்! இன்னொன்றிலிருந்து பக்கெட் கவிழும் சத்தம், யாரோ துண்டைக் கேட்டார்கள், யாரோ யாரையோ வூட்டுக்குள்ள போடி என்றார்கள், கடைசித் தட்டியிலிருந்து வயசான ஒரு குரல், இரு கண்ணு, தலைக்கு ஊத்திக்கினு இருக்கேன், ரெண்டு நிமிசம். மெதுவா ஊத்திக்கோங்க என்றாள் கோகிலவாணி. செல்லியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள், கோபம் போகவில்லை, ஆனால் அவளும் போகவில்லை, நின்றாள். மறுபடி போன். எடுத்தாள்.

“இன்னாம்மா, சீர் கெளம்பிடுச்சு, எங்க உன் ட்ரோனு?”

“ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லுங்கண்ணா.”

“நிக்கறதா? எல்லா பர்மிசனும் வாங்கிட்டேன்னியேம்மா?”

“ஒண்ணு பாக்கி இருந்துச்சுண்ணா. வாங்கிக்கினு இருக்கேன்.”

வைத்துவிட்டாள். குரல் நடுங்கவில்லை, அவளுக்கே திருப்தியாக இருந்தது, படமும் வந்துவிடும், மலையும் வரும், தட்டும் வரும், நூறு சதவீத பேட்டரி, காற்று அதேதான், இரண்டு நிமிஷம் தாமதமானால் காதுகுத்து ஒன்றும் குடிமுழுகிப் போகாது… எல்லாம் சரிதான். பிறகு ஏன் கடை அலமாரி ஞாபகத்துக்கு வருகிறது? சங்கராபுரத்தில் அவள் கடை அலமாரியில் மூன்று வருஷம் இருக்கிறது, ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கின் மேலும் ஊர்ப்பெயர், அவள் கையெழுத்தில். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், கரியாலூர்க் கோடை விழா. எல்லாவற்றிலும் அவள் நடுவைத்தான் பார்த்தாள், மாப்பிள்ளையை, கலசத்தை, மலையை. ஓரத்தைப் பார்த்ததே இல்லை. அந்தத் தேர்… தேர் மேற்கு வீதியில் திரும்பும்போது அவள் இதே மாதிரி இடப்பக்கம் பூப்போலத் திருப்பினாளே, குலுங்காமல், எல்லாரும் மெச்சினார்களே, அங்கே கொல்லைகள் இருந்தன, முருங்கை இருந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, விடியற்காலம் ஆறரை மணி…

“ஆச்சு கண்ணு, வுடு” என்றது கடைசித் தட்டிக் குரல்.

விரல் ரிமோட்டின் குச்சி மேல் இருந்தது. மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது. செல்லியம்மாள், அதான் சொல்லிட்டாங்கல்ல, வுடேன் என்றாள். ஒன்றரை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். முருங்கைக்கு அந்தப் பக்கம், படத்தின் ஓரத்தில், நான்கு கம்பு நட்டு எதையோ கட்டியிருந்தார்களா, இல்லையா என்று அவளுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.