கேமராவுக்கு வைத்த பொட்டு

தேர்வாய் கண்டிகையிலுள்ள எங்கள் தொழிற்சாலையின் பாட்டில் நிரப்பும் மெஷின்களுக்கு ஒரு கெட்ட குணம். காலையில் சுவிட்ச் போட்டதும், லேபிளைப் பார்க்கும் கேமரா உட்பட ஏழு சென்சார்களையும் ஒவ்வொன்றாக எழுப்பும். ஒன்று எழாவிட்டால் போதும், வாயே திறக்காமல் மொத்தமாக நின்றுவிடும். கோளாறு எங்கே என்று தேடியே பாதி ஷிப்டு போய்விடும்.

சென்சார்களை இயக்கும் டிரைவர் புரோகிராமை மூன்று மாதம் உட்கார்ந்து திருத்தி எழுதினேன். எழாத சென்சாரின் பெயரைத் திரையில் காட்டும். அது இல்லாமல் சமாளிக்க முடிந்தால் மற்றவற்றோடு ஓடும். முடியாவிட்டால், எழுப்பியவற்றை ஒழுங்காகத் தூங்கவைத்துவிட்டு நிற்கும்.

மேனேஜர் மோகன்ராஜுக்கு நம்பிக்கை வரவில்லை.

"மெஷின்னா ஓடணும், இல்லாங்காட்டி நிக்கணும். நடுவுல இன்னாம்மா இது, கிரேஸ்? ஒரே ஒரு மெஷின்ல போடு. ஆயுத பூஜை முடிஞ்சி மறுநாள் அது ஓடலைன்னா, பழசையே வச்சிக்கலாம்."

விஜயதசமியன்று காலை ஆறு மணிக்கு, ஆபரேட்டர் ஜோதிலட்சுமி அக்கா சாமி கும்பிட்டுச் சுவிட்சைத் தட்டினார். மோகன்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். திரையில் ஆறு பச்சை, ஒரு மஞ்சள். 'லேபிள் கேமரா வேலை செய்யவில்லை. லேபிளைக் கண்ணால் பார்க்கவும்.' அடுத்த நொடி பெல்ட் நகர்ந்து, பாட்டில்கள் கிணுகிணுவென்று வந்தன. வெட்கமில்லாமல் குதித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அக்கா குனிந்து கேமராவைப் பார்த்தார். கண்ணாடி முழுக்கச் சந்தனம், நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம். அவர் முகம் வெளுத்தது.

"மூஞ்சி மாதிரி இருந்துச்சேன்னு நான்தான் நேத்து பொட்டு வச்சேன், கிரேசு" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

"யாரு பண்ண வேலை இது?" என்று மோகன்ராஜ் கத்தினார்.

"எந்த சென்சார்னுதான் சார் அது சொல்லும். யாருன்னு சொல்லாது" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா ஈரத்துணியால் துடைத்ததும் மஞ்சளும் பச்சையானது. பெல்ட் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மோகன்ராஜ் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது சூப்பர்வைசர் சாலமோன் ஓடிவந்தார்.

"சார், மத்த நாலு மெஷினும் அப்டியே நின்னுபோச்சு! எதுன்னே தெரியல!"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஒண்ணுக்கு மட்டும் வச்சா நல்லாவா இருக்கும்? எல்லாத்துக்கும்தான் வச்சேன்" என்றார் அக்கா மெதுவாக.

மோகன்ராஜ் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிற? உன் புரோகிராமை எடுத்துக்கினு ஓடு!"