வெள்ளிக்கிழமைப் பால்

மூத்தார் மாயவன் காலிச் சொம்பை என் முன்னால் நீட்டியபோது, நான் என் வீட்டுக்காரருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இனி இங்கே வைத்துப் பயனில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னதும் அவர்கள்தான். கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் மேலிருந்து தலைகுப்புற விழுந்த மனிதர். அன்றைக்கு மூடிய கண்ணை இன்னும் திறக்கவில்லை. மூச்சு மட்டும் கர்கர் என்று வந்து போய்க்கொண்டிருந்தது.

"மாட்டக் கறந்து குடு ஜெயம்மா. எல்லாரும் வந்துட்டாங்க. ஆளுக்கு ஒரு சொட்டு வாயில ஊத்திடலாம். நீதான் மொதல்ல ஊத்தணும்."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? இழுத்துக்கினு கெடக்கறான் பாரு. இன்னிக்கு வெள்ளி. பொழுது உடிஞ்சா சனி. சனிப் பொணம் தனியாப் போவாது. வூட்ல புள்ளகுட்டி இருக்குது இல்ல?"

மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனிதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிணம் என்கிறார், கூடப் பிறந்த அண்ணன். கையிலிருந்த ஈரத்துணியை அவர் முகத்திலேயே எறிந்திருப்பேன். நாத்தனார் பாப்பாத்தி நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவள் கையில் மூடி போட்ட தூக்குவாளி. திறப்பதற்கு முன்பே ஆட்டுக்கால் வாசனை வந்துவிட்டது.

"அண்ணி, கோச்சிக்காத. அண்ணன் ஆறு வருசமா பாலு, தயிரு, கறி ஒண்ணும் தொடல. அந்த ஆசதான் நெஞ்சுல நிக்குது. அதான் உசுரு போவ மாட்டேங்குது. ரெண்டு சொட்டு சூப்பு, ரெண்டு சொட்டு பாலு. நிம்மதியா போவட்டும்."

"பாலும் தயிரும் துன்னுருந்தா எலும்பு கெட்டியா இருந்துருக்கும். மண்ட இப்பிடி ஒடஞ்சிருக்காது" என்றார் மாயவன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று என்மேல் ஒரு பழியையும் போட்டாயிற்று.

ஆறு வருடத்துக்கு முன்னால் இவர்களுடைய பெரிய அண்ணன் முனியன் கரும்புக் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாமனார் போனதும் அப்படித்தான். காரியம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் கள்ளக்குறிச்சியில் ஏதோ இயற்கை உணவுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "இனிமே எனுக்கு பாலு, மோரு, முட்ட, மீனு, கறி ஒண்ணும் வாணாம். நோவு வந்து சாவ மாட்டேன்டி" என்றார். வீட்டில் கறவை மாட்டைக் கட்டிவைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? நான் ஆடாத ஆட்டம் இல்லை. ஆனால் அவருக்கு இருந்த பயத்தைப் பார்த்தபின் எனக்கும் பயம் வந்துவிட்டது. அப்புறம் நானே காவல்காரி ஆகிவிட்டேன். கல்யாண வீட்டில் பாயசத்தோடு வருகிறவனை விரட்டுவேன். வெல்லம் போட்ட கடுங்காப்பி. வெள்ளிமலைக்கு ஜீப் ஏறிப் போய் அவரே வாங்கி வருகிற சாமை. கறந்த பாலெல்லாம் சொசைட்டிக்கு. ஒரு காம்பு மட்டும் கன்றுக்குட்டிக்கு என்று விட்டுவிடுவார். "ஆட்டுக்கும் உனுக்கும் ஒரே தீனி" என்று இதே மாயவன்தான் டீக்கடையில் வைத்துக் கேலி பேசுவார். இவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுவார்.

எனக்கு அவர்மேலும் ஆத்திரம்தான். வாயில் வைக்கிற ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துப் பார்த்துத் தின்ற மனிதருக்கு, லோடு கட்டின கயிறு இறுகியிருக்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லையே! ஆறு தீபாவளியாக எனக்கும் கறிக்குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. எதற்கு? இந்த ஆள் சாகக்கூடாது என்றுதானே. அதற்காகத்தான் பாலைக் கிட்டே அண்டவிடவில்லை. இப்போது நானே மடியைக் கழுவி, நானே கறந்து, நானே வாயில் ஊற்றி அனுப்பிவைக்க வேண்டுமாம்.

"இன்னா ரோசன பண்ற? எழுந்துரு."

எழுந்தேன். சொம்பை வாங்கிக்கொண்டேன். பாப்பாத்தி, "நல்ல புத்தி வந்துச்சே" என்றாள்.

கொட்டகையில் மாடு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது. மடி இறங்கி, கனத்துக் கிடந்தது. சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எட்டக் கட்டியிருந்த கன்றின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். நம்பமுடியாததுபோல ஒரு கணம் நின்றது. அப்புறம் ஓடிப்போய் முட்டியது. ஒரு காம்பு, அடுத்த காம்பு, அதற்கடுத்தது. வாயோரம் நுரை வழிந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு முட்டி முட்டிக் குடித்தது.

மாயவன் ஓடிவந்தார். "அடிப்பாவி! கூறுகெட்டவளே!"

"குடிக்கட்டும் மாமா. அதோட பாலு."

"பக்கத்துல இளவரசன் வூட்ல கறந்துருப்பாங்க, ஓடி வாங்கியாங்கடா" என்று அவர் வாசலில் நின்று கத்தினார். யாரோ ஓடினார்கள்.

நான் உள்ளே போனேன். பாப்பாத்தியின் கையைப் பிடித்துத் தூக்குவாளியோடு வெளியே விட்டேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அடுப்பின்மேல் காலையில் காய்ச்சிய சாமைக்கஞ்சி இருந்தது. தெளிவை மட்டும் வடித்து, பழைய வேட்டித் துண்டை அதில் நனைத்தேன். அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். இத்தனை நாளும் அந்த உதடு எதையும் வாங்கவில்லை. வைத்ததெல்லாம் கடைவாய் வழியாகக் காதுக்குத்தான் போயிற்று.

வெளியே ஆள் திரும்பிய சத்தம். கதவு தடதடவென்று ஆடியது.

"அண்ணி, கதவத் தொற! பொழுது போவுது!"

துணியை உதட்டில் வைத்தேன். "யோவ், பாலு இல்லய்யா. சாமத் தண்ணி. நான்தான் குடுக்கறேன்."

தாழ்ப்பாள் குதித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. என் விரலுக்கடியில் அந்த ஈரத்துணி, ஒரு நூல் அளவு, உள்ளே இழுபட்டது.