முக்காலின் நடை

மேளம் பழுது பார்ப்பவரின் கடைப் பின்னறையில், உடைந்த மேளங்கள் அடுக்கிய பலகைத் தட்டுக்குக் கீழே ஓர் எலிக் குடும்பம் இருந்தது. அதில் ஒரு குட்டிக்கு வலது பின்னங்கால் பாதி, எலிப்பொறியோடு போய்விட்டது. “நாலுல ஒண்ணு போனா முக்கால்தானே?” என்று அத்தை சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பெயரே முக்கால்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் சாக்கடைக் குழாய் வழியாக ஒரு பாம்பு வந்தது. முதல் நாள் இரை தேடப் போன அப்பா திரும்பவில்லை. மறுநாள் அத்தையின் கணவர் திரும்பவில்லை. பாம்பு சட்டை உரிக்கும் பருவத்தில் இருந்தது. கண்ணில் பால் போலப் படர்ந்து பார்வை மங்கியிருந்தது. வார்னிஷ் நெடியில் மோப்பமும் பிடிபடவில்லை. அதனால் என்ன? தாடையைத் தரைப்பலகையில் பதித்துக் கிடந்தே, அதிர்வை வைத்து யார் எங்கே கால் வைக்கிறார்கள் என்று அறிந்துகொண்டது.

மற்ற எலிகள் பூப்போல நடக்கும். முக்காலுக்கு அது முடியாது. ஓங்கி ஓர் ஊன்று, பிறகு லேசாக இரண்டு தத்தல். தொம், த, த. அவள் அசைந்தாலே பாம்பின் தலை திரும்பியது. நாளுக்கு ஒரு முழம் கிட்டே வந்து படுத்தது.

“எதிர்ச்சுவர் ஓட்டை வழியா தையல் கடைக்குப் போயிடலாம் அண்ணி,” என்றாள் அத்தை. “ஆனா இவ கூட வந்தா எல்லாருக்கும் சங்குதான்.”

“அப்போ நீ போ. நான் என் பிள்ளைங்களோட இருந்துக்கறேன்,” என்றாள் அம்மா.

முக்கால் முன்னறைப் பக்கம் காதைத் திருப்பினாள். தினமும் காலையில் முன்னறை மனிதர் புதுத் தோல் கட்டிய மேளத்தைத் தட்டிப் பார்ப்பார். ஓங்கி ஓர் அடி, மெல்ல இரண்டு அடி. தரை முழுவதும் அதிரும். அந்த அடிக்குள் தன் அடியை வைத்தால் பாம்பு திரும்புவதில்லை என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். இமைப்பொழுது பிசகினால் திரும்பியது. ஆறாத புண்ணில் ரத்தம் கசியக் கசிய, கூட்டுக்குள்ளேயே நடந்து பழகினாள்.

மறுநாள் மேளம் தொடங்குமுன்பே அத்தை தனியாகக் கிளம்பிவிட்டாள். பாதி அறை தாண்டியதும் ஒரு பலகை கிறீச்சிட்டது. அவள் கவிழ்ந்த மேளம் ஒன்றின் அடியில் ஒடுங்கினாள். பாம்பு ஊர்ந்து வந்து, இரண்டு சாண் தள்ளிப் படுத்தது. அதற்கு அவசரமே இல்லை.

முன்னறையில் மேளம் தொடங்கியது.

“அம்மா, என் பின்னாடியே வா. நான் கால் வைக்கிறப்போ வை. தம்பிங்களையும் அப்படியே வரச் சொல்லு.”

முக்கால், அம்மா, இரண்டு தம்பிகள் என நால்வரும் நொண்டியபடி அத்தை ஒடுங்கியிருந்த மேளத்தின் அடிக்குப் போனார்கள். “அத்தை, என்னை மாதிரி நொண்டுங்க,” என்றாள் முக்கால், காதோரம்.

“எனக்கு வராதே.”

“வரும். வலது பின்னங்காலை மடக்கிக்குங்க. அது இல்லைன்னு நினைச்சுக்குங்க.”

ஐவரும் ஒரே நடையாகப் பாம்பின் முகத்துக்கு முன்னால் கடந்தார்கள். ஓட்டைக்கு நாலே எட்டு இருக்கும்போது மேளம் நின்றது.

“வேலை முடிஞ்சுதா?” என்று வாசலில் யாரோ கேட்டார்கள்.

“இருங்க, தோல் கொஞ்சம் தளர்ந்திருக்கு,” என்றார் மனிதர்.

ஐவரும் அப்படியே உறைந்தார்கள். சின்னத் தம்பியின் கால் நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாம்பு நகர்ந்தது. அதன் நாக்கு அம்மாவின் வால் நுனியைத் தடவியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மீண்டும் அடி விழுந்தது. ஆனால் முன்னைவிட நிதானமாக. அத்தைக்கு ஓடிவிடத் துடித்தது. முக்கால் ஓடவில்லை. அடுத்த அடி விழும்வரை மூச்சைப் பிடித்து நின்று, பிறகு கால் வைத்தாள். தொம். த. த. பாம்பு குழம்பித் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டியது. ஐவரும் ஒவ்வொருவராக ஓட்டைக்குள் நுழைந்தார்கள்.

தையல் கடையின் துண்டுத்துணிக் கூடையில் போய் விழுந்தார்கள்.

“வலிக்குதா?” என்று அத்தை முக்காலைக் கேட்டாள்.

“ரொம்ப.”

அத்தை ஒரு மெத்தென்ற துணியை இழுத்து வந்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தாள். பிறகு சுவர் ஓட்டைக்குப் போய்க் கந்தலைத் திணிக்கத் தொடங்கினாள். அந்தப் பக்கம் ஏதோ சுவரை உரசிக்கொண்டு நின்றது. அவள் கையிலிருந்த கந்தல் கீழே விழுந்தது. முக்கால் எழுந்து நொண்டிப் போய், ஒரு கந்தலை எடுத்துக் கொடுத்தாள்.