காதுக்குள் நடந்தவர்

ரௌனோவின் மூச்சு கெர்த்துவின் காதுக்குள் இருந்தது. உறைந்த கடலின்மேல் அவர் வெகுதூரம் போய்க் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தார். ஆனாலும் அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த குட்டி மைக் எதையும் விட்டுவைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுவது, பூட்ஸுக்கடியில் பனி நொறுங்குவது, தள்ளிக்கொண்டு போகும் சறுக்குவண்டியின் கிறீச்சிடல் என எல்லாமே ஹெட்போனில் பக்கத்துத் தலையணையிலிருந்து வருவதுபோல் கேட்டன.

"கட்!" என்று கையை வீசினான் யோனே. "அருமை! ஆனா இன்னொரு தடவை."

"உன் 'அருமை'க்கெல்லாம் ஒரு 'இன்னொரு தடவை' உண்டு," என்றாள் பிஹ்லா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் விரல் ரெண்டு கழண்டு விழுந்தாச்சு. பார்த்து மிதிங்க."

மூவரும் ஊலு நகரத் திரைப்படக் கல்லூரியில் ஒரே வகுப்பு. யோனே இயக்கம், பிஹ்லா கேமரா, கெர்த்து ஒலி. கடைசி ஆண்டு ஆவணப்படத்துக்காக ரௌனோவைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். போத்னியா வளைகுடா உறைந்துவிட்டால் தினமும் பனிமேல் நடந்தே கலங்கரை விளக்கத் தீவுக்குப் போய், அங்கே குடுவையிலிருந்து ஒரு கோப்பை காபி குடித்துவிட்டுத் திரும்புபவர். அப்படித்தான் அவரே சொன்னார்.

ஏப்ரல் பிறந்துவிட்டது, கடல் பனி இளகத் தொடங்கும் காலம். காலையிலிருந்து காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. பனியின் வெண்மையில் அங்கங்கே ஈயச் சாம்பல் நிறம் ஏறியிருந்தது.

ரௌனோ திரும்பி வந்து, கன்னம் சிவக்கச் சிரித்தார். "என்ன டைரக்டர் தம்பி, பஸ் லேட்டா?"

"இல்லீங்க. இந்தத் தடவை கொஞ்சம் இடது பக்கமாப் போங்களேன். குச்சி நட்டிருக்கிற பாதையை விட்டுட்டு. அப்பதான் கலங்கரை விளக்கம் உங்க தலைக்கு நேரா வரும். நான் கத்துற வரைக்கும் திரும்பவே கூடாது. ஒரு புள்ளியா ஆகிடணும் நீங்க."

ரௌனோ இடது பக்கம் பார்த்தார். ஒரு கணம், அவ்வளவுதான்.

"பனி தாங்குமா அங்க?" என்று கேட்டாள் கெர்த்து.

"பொண்ணே, என் பஸ் ஓடின ரோட்டைவிட இந்தப் பனியை எனக்கு நல்லாத் தெரியும்," என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். "டிக்கெட் எடுக்காதவங்க இறங்கிக்கலாம்."

நடக்கத் தொடங்கினார். பிஹ்லாவின் கேமரா ஓடியது. யோனே மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தான்.

கெர்த்துவின் காதில் முதலில் கிறீச்சிடல் மட்டும். பிறகு ரௌனோ தனக்குத்தானே பேசத் தொடங்கினார். மைக் போட்டவர்கள் சிறிது நேரத்தில் அதை மறந்துவிடுவார்கள். நேற்று இவர் ரொட்டிக் கடைக்காரியைத் திட்டியதைக் கேட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஹெட்போனில் விழுவது உங்கள் சொத்தல்ல என்று ஒலி ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அவள் அதை ஒரு சத்தியம்போலக் காப்பாற்றி வந்தாள்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தியா ரௌனோ," என்றது குரல். "தினமும் போறாராம் தினமும். மூணு வருஷமாச்சு இந்தப் பக்கம் கால் வெச்சு. முட்டி ஒரு பக்கம் இழுக்குது. இது எப்படிப்பட்ட பனின்னு உனக்கு என்ன தெரியும்?"

கெர்த்து ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடி யோனே பக்கம் நகர்ந்தாள்.

"யோனே," என்று கிசுகிசுத்தாள். "அவரைக் கூப்பிடு."

"ஷ்ஷ்! இப்பதான் வெளிச்சம் வருது."

"அவருக்கு அந்த இடம் தெரியாதுடா."

"யாருக்கு, ரௌனோவுக்கா? உளறாதே. தினமும் போறவரு."

அவர் ஒளித்துவைத்த பொய்யை அவருக்குப் பின்னால் நின்று உடைப்பதா? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நேற்று மீன் சூப்பைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றித் தந்து, படம் வந்ததும் ஊர்க் கடையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டணும் என்று கண் பளபளக்கச் சொன்ன மனிதர்.

காதுக்குள் மூச்சு வேகமானது. பனியின் சத்தமும் மாறிவிட்டது. இப்போது அது நொறுங்கவில்லை. சொதசொதத்தது.

"யாராவது கூப்பிட்டா திரும்பிடுவேன்," என்றார் ரௌனோ, கெஞ்சுவதுபோல. "கூப்பிடுங்களேன் பசங்களா."

கெர்த்து கத்தினாள். தொண்டை கிழிய, அவர் பெயரை. யோனே துள்ளித் திரும்பினான். "பைத்தியமாடீ நீ? டேக்கே போச்சு!"

காற்று அவள் குரலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தது. ரௌனோ நின்று திரும்பினார். ஹெட்போனில் நிம்மதியாக ஒரு பெருமூச்சு. பிறகு அந்த மூச்சு பாதியில் நின்றது.

"அந்தக் கறுப்புக் கோடு என்ன?" என்று பிஹ்லா திரையைத் தொட்டாள். "முன்னாடி இல்லையே."

அவருக்கும் கரைக்கும் நடுவே, குறுக்கே, யாரோ பேனாவால் இழுத்ததுபோல் ஒரு கோடு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு வாய்க்கால் அளவுக்கு அகன்றது. ரௌனோவைச் சுமந்தபடி, ஒரு கால்பந்து மைதானம் அளவுள்ள பனித்தட்டு நிலத்தைவிட்டு நகர்ந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை.

யோனே அவசர எண்ணை அழுத்தினான். ஊர்ப் பெயரைச் சொல்லவே மூன்று முறை திக்கினான்.

"பொண்ணே." ரௌனோவின் குரல் அமைதியாக இருந்தது. இப்போது மைக் அவர் நினைவுக்கு வந்துவிட்டது. "கேக்குதுன்னா கையைத் தூக்கு."

கெர்த்து இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"சரி. நான் முன்னாடி பேசினதையும் கேட்டிருப்பே."

அவள் கைகளை இறக்கவில்லை.

"விடு. யாரும் கிட்ட வரக்கூடாது, பசங்ககிட்ட சொல்லு. எல்லாரையும் ஏத்த இந்த பஸ்ல இடம் இல்லை."

"என்ன சொல்றாரு?" என்றான் யோனே, தொலைபேசியைக் காதோடு வைத்தபடி.

"பனிமேல யாரும் வரவேண்டாமாம்."

வெள்ளைத் திரைபோல் பனிப்பொழிவு இறங்கியது. முதலில் கலங்கரை விளக்கம் போனது, பிறகு ரௌனோ. குரல் மட்டும் மிஞ்சியது, அதிலும் கரகரப்பு ஏறிக்கொண்டிருந்தது. கெர்த்து மைக்கின் ஒலியை வாங்கித் தரும் அலைவாங்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரையோரப் பாறையின் உச்சியில் ஏறி நின்றாள். அங்கே கொஞ்சம் தெளிவாகக் கேட்டது.

தட்டு மறுபடி உடைகிறது என்றார். வண்டியை விட்டுவிட்டுப் பெரிய துண்டுக்குத் தாண்டினேன், ஒரு கால் நனைந்துவிட்டது என்றார். குவிந்து கிடக்கும் பனிக்கட்டிகளுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். அப்புறம் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவே ஒரு நிறுத்தத்தை இரண்டாம் முறையும் சொன்னார். பிறகு மூன்றாம் முறையும் அதையே சொன்னார்.

அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

பனியிலும் நீரிலும் ஓடும் மீட்புக் கலம் உறுமிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போய் வெள்ளைக்குள் மறைந்தது. கலத்தோடு பேசும் வானொலிப் பெட்டியோடு ஒரு பெண் அதிகாரி கரையில் நின்றுகொண்டார்.

"கடைசியா எங்க பார்த்தீங்க?"

"அங்க," என்று யோனே கை நீட்டினான். "இல்ல, இன்னும் அந்தப் பக்கம்... தெரியலைங்க." அழத் தொடங்கினான். பிஹ்லா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எஞ்சின் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. ஹெட்போனில் காற்று மட்டும் வீசியது. கெர்த்து கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, காற்றுக்கு அடியில், அந்த எஞ்சினே மெல்ல எழுந்து வந்தது. நெருங்கியது. நின்றது. பூட்ஸ் சத்தம். அறியாத ஒரு ஆண் குரல், மெலிதாக.

அதே குரல் அதிகாரியின் பெட்டியிலும் கேட்டது. "சறுக்குவண்டி கிடைச்சிருக்கு. வண்டி மட்டும்தான். ஆள் இல்லை. சுத்திலும் தண்ணியும் உடைஞ்ச பனியும்."

அதிகாரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "சரி. நீரோட்டத்தோட போய்ப் பாருங்க."

"போகக் கூடாது!" கெர்த்து பாறையிலிருந்து வழுக்கிக்கொண்டே இறங்கினாள். "அங்கயே நிக்கச் சொல்லுங்க!"

"அம்மா, அவங்க வேலையை அவங்க—"

"அவங்க பேசினது எனக்கு இதுல கேட்டுச்சுங்க. அவரோட மைக்ல!" ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். "அப்ப அவர் பக்கத்துலதானே இருக்கணும்? நனைஞ்சா மைக் செத்துடும், சாகலை. தண்ணிக்குள்ள இல்லை அவரு. பனிக்கட்டிக் குவியல் ஏதாவது இருக்கான்னு கேளுங்க. அதுக்குப் பின்னாடி உட்காரப் போறேன்னு சொன்னாரு!"

அதிகாரி அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு பெட்டியில் பேசினார்.

பூட்ஸ் சத்தம் போனது. மங்கியது. கெர்த்து தலையை ஆட்டினாள். "இல்ல, அந்தப் பக்கம் இல்ல. சத்தம் குறையுது." அதிகாரி அதைச் சொன்னார். பூட்ஸ் நின்று, திரும்பியது. "இப்ப கூடுது. இன்னும். இன்னும்."

யோனேவும் பிஹ்லாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூட்ஸ் ஓடி வந்தது. யாரோ மண்டியிட்டார்கள். ஒரு கையுறை மைக்கின்மேல் கரகரவென்று உரசியது, அவள் காதே கிழியும்படி. "ஐயா! ஐயா, கேக்குதா?" பதில் இல்லை. துணி இழுபட்டது. மறுபடி உரசல்.

"என்ன?" என்றாள் பிஹ்லா. "கெர்த்து, என்ன கேக்குது?"

கெர்த்து கையை உயர்த்தி அவளைப் பேசவிடாமல் நிறுத்தினாள். உரசல் விலகியது. அதற்கு அடியில், சீரில்லாமல், விட்டு விட்டு, பல்லோடு பல் மோதும் சத்தம் வந்துகொண்டிருந்தது.