வெறுங்கை பட்ட தண்டு

அக்கா இவளோடு பேசி ஆறு வருடங்கள் ஆகின்றன. அம்மா படுக்கையில் கிடந்தபோது இவள் லீவு போடவில்லை என்பதில் தொடங்கிய பேச்சு தடித்து, உறவே அறுந்துபோனது.

காலையில் அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, அடுத்த வாரம் அம்மாவுக்கு இடது இடுப்பு மூட்டு மாத்துறாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." ஆஸ்பத்திரி பெயரையும் தேதியையும் சொல்லிவிட்டு வைத்தாள்.

இவளுக்கு வேலையே அதில்தான். எலும்புக்குள் இறக்கும் டைட்டானியத் தண்டுகளுக்குப் பூச்சுப் போடும் பட்டறை. எலும்பில் உள்ள அதே சத்தை மாவாக்கி, தீயில் உருக்கித் தெளிப்பார்கள். உப்புத்தாள் போலச் சொரசொரவென்று வெள்ளையாகப் படியும். எலும்பு அதைத் தன் சொந்தம் என்று நம்பி வளர்ந்து பற்றிக்கொள்ளும். வெறும் விரல் பட்டால் போச்சு. விரலின் எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தை எலும்பு அண்டாது.

அன்றைய ஆர்டர் தாளில் அதே ஆஸ்பத்திரி, அதே தேதி. இடது பக்கம், இருப்பதிலேயே சின்ன அளவு. அக்கா ஒட்டடைக்குச்சி. வேறு யாருக்கு இருக்கும்?

தெளித்து, ஆறவைத்தாள். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாட்கள் நினைவில் வந்தன. எப்போது கையுறையைக் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளங்கை தண்டின் மேல் இருந்தது.

யாரும் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர், ஒரு தூசி கண்டாலும் தண்டைக் கழித்துவிடுவதால் எல்லோருக்கும் 'தூசி அண்ணன்', தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேசாமல் உறையில் போட்டு ஒட்டிவிடலாம். அக்காவின் எலும்பு இந்தக் கையைத் தள்ளிவிட்டால்? தண்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"அண்ணே, இதைக் கழிச்சிடுங்க. கை பட்டுடுச்சு."

"உன் கையா? பூச்சுப் போடச் சொன்னா தடவிக் கொஞ்சிட்டிருந்தியா?"

"எங்க அக்காவுக்குப் போறதுண்ணே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். "கொஞ்சுறதா இருந்தா நேர்ல போய்க் கொஞ்சு தாயே. என் தண்டை விட்டுடு. போ, இன்னொண்ணு போடு."

இந்த முறை இரட்டைக் கையுறை. மூச்சுக்கூடப் படாமல் உறையில் இட்டு ஒட்டினாள். பிறகு வெளியே வந்து அக்கா மகளுக்குப் போன் போட்டாள்.

"ஆஸ்பத்திரியில பார்க்க விடுற நேரம் எப்போடி?"

"ஐயோ சித்தி, அம்மா திட்டித் தீர்த்துடுவாங்க!"

"திட்டட்டும். அவ குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."